பிடுங்குவதா, பேணுவதா?

ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு உப்பில்லாத நன்னீர் என்பது பொருள். சித்தியவானுக்கு அண்மையில், கடலுக்கு அதிகத் தொலைவில்லாத தாழ்நிலத்தில் அமைந்த சிற்றூர் இது. ரப்பரும் செம்பனையும் செழிக்கும் இம்மண்ணில் தக்காளி எளிதில் வளர்வதில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சாரலைத் தாயகமாகக் கொண்ட அச்செடி, நம் நாட்டிலும் கேமரன் மலையின் குளிர்ச்சியையே பெரிதும் விரும்புகிறது. எனினும், வீட்டுக் கொல்லையில் நான்கு செடி வைத்து, இரசத்திற்குத் தம் கையால் பறித்த கனியையே இட வேண்டும் என்னும் ஆசை தமிழ்க் குடும்பங்களை விட்டு நீங்குவதில்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. அவ்வாசையின் வழியாகவே, முப்பது ஆண்டுகளாக நான் விடை காணாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு கேள்வி மீண்டும் என் முன் வந்து நின்றது.

பலரைக் காக்கும் பொருட்டு ஒன்றை அகற்றுதல் அறமா? அகற்றுதல் அறமாவது எப்போது? அகற்றாமை அறமாவது எப்போது? இதுவே அக்கேள்வி.

சென்ற ஆண்டு ஆசிரியர் தினத்தன்று நான்காம் ஆண்டு மாணவர்கள் சிலர், வகுப்பில் தாங்களே முளைக்க வைத்த தக்காளி நாற்றுகளை எனக்குப் பரிசாகத் தந்தார்கள். ஆறு நாற்றுகளைக் கொல்லையில் நட்டேன். அவற்றுள் ஒன்று, எவரிடமும் அதிகம் பேசாத ஒரு சிறுமி தந்தது. பையிலிருந்து எடுக்கும்போதே அதன் தண்டு சற்று வளைந்திருந்தது. அதனை நட்டுக் கோல் ஊன்றிக் கட்டினேன். செடிகள் வளர்ந்து பூத்துக் காய்த்தன. மழைக்காலம் தொடங்கியதும் அந்தச் சிறுமியின் செடியில்தான் முதற்புள்ளி தோன்றியது. அடியிலைகளில் பழுப்பு வட்டங்கள். வட்டத்துக்குள் வட்டமாக, குறி எய்யும் பலகையில் இருப்பது போன்ற வளையங்கள். அவற்றைச் சுற்றி இலை மஞ்சளாயிற்று. பின்னர்க் கருகி உதிர்ந்தது. உழவு நூலார் இதனை முன்பருவ இலைக்கருகல் நோய் என்பர்.

செய்ய வேண்டியது என்ன என்பதை நான் அறிவேன். நோயுற்ற இலைகளைக் கிள்ளிப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். நோய் தண்டிற்கு ஏறிவிட்டால் செடியையே பிடுங்கிவிட வேண்டும். ஆயினும் என் கை எழவில்லை. அந்தச் சிறுமி திங்கட்கிழமைதோறும் "செடி எப்படி இருக்கிறது, சார்?" என்று கேட்பாள். "நன்றாக இருக்கிறது, அம்மா" என்று நான் சொல்வேன். இரண்டு வாரங்கள் இவ்வாறு கழிந்தன. மற்ற ஐந்து செடிகளிலும் வளையங்கள் தோன்றின. அதன் பின்னர், கம்பி வேலிக்கு அப்பால் இருந்த செடிகளிலும் தோன்றின.

என் அண்டை வீட்டில் வாழ்பவர் எழுபது வயதைக் கடந்த ஒரு சீன மூதாட்டியார். பாகற்கொடியும் பயற்றங்கொடியும் தக்காளியும் வளர்த்துக் காலைச் சந்தையில் விற்றுத் தம் கைச்செலவுக்கு வழி தேடிக்கொள்பவர். ஒரு நாள் காலை வேலியோரம் நின்று, கருகிய இலையொன்றை என்னிடம் நீட்டினார். "சிக்கு, உங்கள் செடியை முன்பே எடுத்திருக்கலாமே" என்று மலாயில் சொன்னார். அச்சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அது என்னைக் கடுமையாகச் சுட்டது. நான் இரக்கம் என்று எண்ணியிருந்தது, அடுத்த வீட்டாரின் உழைப்பைச் செலவிட்டுக் காட்டிய இரக்கம் என்பதை அன்று உணர்ந்தேன்.

இலை நோய்க்கு வேலி தெரியாது. காற்றிலும் மழைத்துளியிலும் அதன் நுண்வித்துகள் பரவுகின்றன. இதனை நம் முன்னோரின் வாழ்க்கையே நமக்குக் கற்பித்திருக்கிறது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் ஓர் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தொழில் நிலைகுலைந்தது. மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. காப்பிக்காகக் கடல் கடந்த தமிழர்களின் பிள்ளைகள் தேயிலை கொய்தார்கள். தோட்ட முதலாளிகளுள் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி பயிரிட்டனர்; பின்னர் ரப்பருக்கு மாறினர். ஓர் இலையில் தோன்றிய புள்ளி, ஓர் இனத்தாரின் வழித்தடத்தையே மாற்றுவதற்கு ஒரு காரணமாயிற்று.

ரப்பரின் வரலாறும் இதனையே கூறும். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த நாற்றுகளில் சில, நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அம்மரத்தின் தாயகமான பிரேசிலில், ஹென்றி ஃபோர்டு 1928இல் பெருந்தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். காட்டில் ஒன்றுக்கொன்று தொலைவில் நின்றபோது தாக்குப்பிடித்த மரங்கள், வரிசை வரிசையாக நெருக்கி நடப்பட்டபோது இலைக்கருகல் நோய்க்கு இரையாயின. 1945இல் ஃபோர்டு நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. அந்நோய் நம் பக்கம் வந்துவிடலாகாது என்பதற்காகவே, 1956இல் நடைமுறைக்கு வந்த ஆசிய பசிபிக் வட்டாரப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஒரு நாடு தன் எல்லையில் செய்வதை ஒரு வீட்டுக்காரன் தன் வேலியோரத்தில் செய்யத் தவறலாமா? என் கொல்லை என்னுடையதுதான். ஆனால் என் கொல்லையில் எழும் நோய் என்னுடையது மட்டும் அன்று.

எனவே, முதற் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. செடியைப் பொறுத்தவரையில், பிடுங்க வேண்டிய காலத்தில் பிடுங்காமை பிழை. ஆறு செடிகளையும் அன்று மாலையே அகற்றினேன். மூதாட்டியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சிறுமியிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. "வேறு விதை இருக்கிறது, சார்" என்றாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

புதிய நாற்றுகளை, கொல்லையின் மறுபக்கத்தில் நட்டேன். இம்முறை விழிப்பாக இருந்தேன். ஒரு நண்பகலில் செடியொன்று பச்சை மாறாமலேயே தலை சாய்ந்தது. இலையில் புள்ளி இல்லை, வளையம் இல்லை. முன்னைய பாடம் நினைவில் இருந்ததால் உடனே பிடுங்கி எறிந்தேன். கடமையைக் காலத்தில் செய்துவிட்ட நிறைவும் எனக்கு ஏற்பட்டது. நான்கு நாளில் அடுத்த செடி சாய்ந்தது. அதனையும் பிடுங்கினேன். பின்னர் மூன்றாவது. அப்போதுதான் தண்டை அறுத்துத் தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பார்த்தேன். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிழைகள் நீரில் இறங்கின. அது கருகல் நோய் அன்று. பாக்டீரியா வாடல் நோய். அந்நுண்ணுயிர் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். வேரின் வழியே நுழையும். நான் பிடுங்கிய செடிகள் நோயின் இருப்பிடம் அல்ல. நோய் மண்ணில் இருந்தது. எத்தனை செடிகளைப் பிடுங்கினாலும் அடுத்து நடுவது வாடத்தான் செய்யும்.

ஒரே கொல்லையில், ஒரே ஆண்டில், இரண்டு பிழைகள் செய்தேன். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கத் தவறியது ஒன்று. பிடுங்குவதால் தீராத நோய்க்குப் பிடுங்குதலையே மருந்தாகக் கொண்டது மற்றொன்று. முதற்பிழை அறிவு இருந்தும் துணிவில்லாமையால் வந்தது. இரண்டாவது பிழை துணிவு இருந்தும் ஆராயாமையால் வந்தது. இரண்டாவது பிழையே கொடியது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அது கடமையின் தோற்றத்தோடு வருகிறது.

ஆசிரியர்களாகிய நாம் இதனைச் செடியோடு நிறுத்திவிட முடியாது. "ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு போதும்" என்பது ஆசிரியர் அறைகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொல். ஒரு மாணவன் வகுப்பைக் கெடுக்கிறான். அவனை அகற்றினால் முப்பது பேர் பிழைப்பார்கள் என்று வாதிடுவோம். இவ்வாதத்திற்குத் துணையாகத் திருவள்ளுவரையும் அழைப்பவர் உளர். செங்கோன்மை அதிகாரத்தில், கொலைத்தொழில் புரியும் கொடியவரை வேந்தன் ஒறுத்தலைப் பசும்பயிரில் களை எடுத்தலுக்கு அவர் ஒப்பிட்டார் அன்றோ என்பர். உண்மைதான். ஆனால் உவமையை ஊன்றி நோக்க வேண்டும். அவர் சொன்னது களையை. களை வேறு, பயிர் வேறு. நோயுற்ற பயிர், களை அன்று. அது நாமே விதைத்து நீரூற்றிய பயிர். மேலும், அங்கே பேசப்படுவோர் கொலைக்கு அஞ்சாத கொடியவர். பேசப்படும் கடமை வேந்தனுடையது. பத்து வயதுப் பிள்ளை அக்கொடியவனும் அல்லன். வகுப்பாசிரியர் அவ்வேந்தனும் அல்லர்.

இதனை நான் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. 1997ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வேறொரு மாவட்டத்தில், தோட்டப்புறப் பள்ளியொன்றில் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். மாணவர்களின் பைகளிலிருந்து சில்லறைக் காசுகள் காணாமற்போயின. ஒரு சிறுவன் இருமுறை பிடிபட்டான். பாடத்திலும் பின்தங்கியவன். மறு ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு. தேர்ச்சி விழுக்காடே பள்ளியின் பெயரை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாக இருந்த காலம் அது. அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அதன் பொருட்டு நாம் செய்தவை அகன்றுவிடவில்லை. அச்சிறுவனை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளுமாறு தந்தையிடம் சொல்வது என்று முடிவாயிற்று. கடிதத்தை எழுதியவன் நான். தந்தை தோட்டத்து லயத்திலிருந்து மிதிவண்டியில் வந்தார். கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "வாத்தியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, மகனை அழைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் காசு காணாமற்போயிற்று. இம்முறை எடுத்தவர்கள் வேறு இருவர். அன்றுதான் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அதிகாலையில் பெற்றோர் பால் வெட்டப் போய்விடுவதால், அவர்கள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். சிற்றுண்டிச்சாலையில் பிறர் உண்பதைக் கண்டு, எடுத்த காசில் வாங்கித் தின்றார்கள். வறிய பிள்ளைகளுக்கான உணவுத் திட்டம் நம் நாட்டில் 1979 முதல் இருந்து வருகிறது. அதில் சேர வேண்டியவர்களின் பட்டியலை அவ்வாண்டு நாங்கள் சரிவரத் திருத்தவில்லை. நோய் மண்ணில் இருந்தது. அம்மண்ணுக்குப் பொறுப்பாளர்கள் நாங்கள். பிடுங்கப்பட்டவனோ ஒரு சிறுவன்.

அவனைத் தேடிப் போனேன். வேறு பள்ளிக்குப் பேருந்துக் கட்டணம் இல்லாததால் அவன் எங்கும் சேரவில்லை. தந்தையோடு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறான் என்றார்கள். அடுத்த முறை சென்றபோது அக்குடும்பம் இடம்பெயர்ந்திருந்தது. அதன் பின் அவனை நான் காணவில்லை. தக்காளிச் செடியைப் பிடுங்கினால், "வேறு விதை இருக்கிறது" என்று ஒரு சிறுமி சொல்லலாம். அந்தத் தந்தையிடம் அவ்வாறு யார் சொல்ல முடியும்?

நோயையும் அதற்கான காரணத்தையும் பிரித்தறியாத பிழை தனி மனிதருக்கு மட்டும் உரியதன்று. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைப் பின்பருவக் கருகல் நோய் தாக்கியது. தக்காளியைக் குளிர்ந்த மலைப்பகுதிகளில் அழிப்பதும் அதே நோய்தான். ஏழைகள் ஏறத்தாழ அந்த ஒரு பயிரையே, அதிலும் பெரும்பாலும் ஒரே வகையையே நம்பியிருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதே ஆண்டுகளில் அந்நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. துயர்தணிப்புப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த உயர் அதிகாரி சார்லஸ் திரெவெலியன், அப்பஞ்சத்தை இறைவன் செயலாகக் கண்டு எழுதினார். 1859இல் அவரே சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். நுண்ணுயிர் அழித்தது கிழங்கை. மக்களின் அழிவில் மனிதர் வகுத்த ஏற்பாடுகளுக்கும் பங்குண்டு. வாடியவர்மேல் குற்றம் சுமத்துவது எளிது. மண்ணை ஆராய்வது கடினம்.

அப்படியானால், ஒருவன் பிறரைத் துன்புறுத்தும்போது நாம் வாளாவிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். இது நேர்மையான வினா. மற்ற முப்பது பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. அடிபடும் சிறுவனிடம், அடிப்பவனின் வறுமையை எடுத்துக் கூறி ஆறுதல் சொல்ல முடியாது. வேலிக்கு அப்பால் நின்ற மூதாட்டியாரை மறந்துவிட்டு நான் காட்டிய இரக்கம் எத்தகையது என்பதை மேலே கண்டோம். காப்பது கடமை. ஆனால் காக்கும் வழி பிடுங்குதல் ஒன்றே அன்று. நல்ல தோட்டக்காரன் அதனை இறுதியாகவே கையாள்கிறான்.

கருகலைத் தடுக்க அவன் செய்வன யாவை? செடிக்குச் செடி காற்றோட இடம் விடுகிறான். இலை நனையாமல், காலையில் வேரடியில் நீர் வார்க்கிறான். மண்ணில் வைக்கோல் பரப்பி, மழைத்துளி சேற்றை இலைமேல் தெறிக்காமல் செய்கிறான். தரை தொடும் அடியிலைகளை அகற்றுகிறான்; கோல் ஊன்றிக் கட்டுகிறான். மழைக்கு மேலே தெளிந்த நெகிழிக் கூரை அமைக்கிறான். தக்காளி நின்ற இடத்தில் மறுமுறை மிளகாயோ கத்தரியோ நடுவதில்லை. அவை ஒரே குடும்பத்தவை ஆதலின், நோய் தொடரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885 முதல் உலகறிந்த மருந்து. அதுவும் வருமுன் காப்பதே. உள்ளே புகுந்த நோயை ஆற்றுவதன்று. அளவு மிஞ்சினால் செம்பு மண்ணில் தங்கித் தீங்கு செய்யும். இவற்றுள் எதுவும் வீரச் செயல் அன்று. நாள்தோறும் செய்யும் சிறு பணிகளே. வகுப்பறையிலும் அவ்வாறே. இருக்கையை மாற்றி அமைப்பது, பசித்தவனைக் கண்டறிவது, பின்தங்கியவனுக்கு நாளும் பத்து நிமிடம் ஒதுக்குவது, பலர் முன்னிலையில் இழித்துப் பேசாதிருப்பது ஆகியவற்றைச் செய்யாதவர்க்கே பிடுங்குதல் விரைவில் தேவைப்படுகிறது.

மண்ணே நோயுற்றிருந்தாலும் வழியில்லாமற் போய்விடவில்லை. 1971இல் தைவானில் நிறுவப்பட்ட உலகக் காய்கறி மையம், வாடல் நோயைத் தாங்கும் கத்தரி வேரின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரிந்துரைத்து வருகிறது. மண் மாறவில்லை, செடியும் தன் இயல்பை இழக்கவில்லை. தாங்கி நிற்க ஒரு வலிய வேர் கிடைத்திருக்கிறது. குடிசையையும் குடும்பத்தையும் ஆசிரியரால் மாற்றிவிட முடியாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அவர் வேராக நிற்கலாம்.

இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு என்பதை மறத்தல் ஆகாது. செடியை நாம் கனிக்காக வளர்க்கிறோம். கனி தராத செடியை அகற்றுவதில் அநீதி இல்லை. பிள்ளையோ நம் விளைச்சலுக்காக வந்தவன் அல்லன். தேர்ச்சி விழுக்காடு அவனுக்காக. அவன் விழுக்காட்டிற்காக அல்லன். இந்த ஓர் உண்மையை 1997இல் எவரேனும் எனக்கு எடுத்துரைத்திருந்தால், நான் தலையசைத்து ஏற்றிருப்பேன். ஆயினும் அக்கடிதத்தை எழுதியே இருப்பேன். அறிதல் வேறு, உணர்தல் வேறு.

இவ்வாண்டு, என் மேசைக்கு மீண்டும் ஒரு விண்ணப்பம் வந்தது. சிறு பிள்ளைகளை அடிக்கும் ஒரு மாணவனை மாற்ற வேண்டும் என்று பெற்றோர் சிலர் எழுதியிருந்தனர். அவர்கள் குறையில் பொய் இல்லை. இடைவேளைகளில் அவனைப் பிற மாணவரிடமிருந்து பிரித்து, என் அறைக்கு வெளியே என் பார்வையில் அமர்த்தினேன். அவன் வீட்டுக்குச் சென்றேன். அங்கே கண்டவற்றை ஈண்டு எழுதுதல் முறையாகாது. அடிபட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம், ஒரு தவணைக் காலம் பொறுக்குமாறு வேண்டினேன். இருவர் இசைந்தனர். ஒருவர் இன்னும் இசையவில்லை. அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. என் முடிவு சரியாக அமையும் என்று உறுதி கூற என்னால் இயலாது. மாற்றல் கடிதத்தில் மட்டும் நான் கையெழுத்திடவில்லை.

கொல்லையில், கத்தரி வேரில் ஒட்டிய மூன்று தக்காளிச் செடிகள் இப்போது நிற்கின்றன. அதற்கான கத்தரி நாற்றுகளைத் தந்தவர் அந்த மூதாட்டியார். வேலியோரத்தில் ஒரு முழம் இடம் வெறுமையாக விட்டிருக்கிறேன். காலையில் இருவரும் அவரவர் பக்கத்தில் நின்று இலைகளின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்கிறோம்.